சம்பளம் ஏறியது, தாஸ்கா காசும் ஏறியது

2025-இல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனபோது, பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் எங்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் சின்னவனை விடும் தாஸ்காவுக்கே, அதாவது குழந்தைக் காப்பகத்துக்கே, மாதம் 550 போய்விடுகிறது. பால்மாவும் பேம்பர்ஸும் தனிக் கணக்கு. தாஸ்கா ஆறரைக்கு மூடிவிடும், என் ஷிப்டு முடிய ஏழாகும். அந்த அரைமணி நேரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இன்னொரு 150.

“வீட்டுக்கு ஆள் வைத்துக்கொள்ளேன்” என்கிறார்கள் சொந்தக்காரர்கள். யார் சம்பளத்தில்? 2022-இல் இந்தோனேசியாவோடு போட்ட ஒப்பந்தப்படி பணிப்பெண்ணுக்குக் குறைந்தது 1,500 கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டிய காசுதான், அதில் எனக்குப் பேச்சே இல்லை. நம் குறைந்தபட்சச் சம்பள ஆணையோ வீட்டு வேலை செய்பவர்களைச் சேர்த்துக்கொள்வதே இல்லை!

எங்கள் லைனில் இந்தோனேசியாவின் மேடான் பக்கத்து அக்கா ஒருவர் இருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் போனைத் தண்ணீர் போத்தலில் சாய்த்து வைத்து மகளிடம் வாய்ப்பாடு கேட்பார். மகள் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறினால் சோறு அப்படியே ஆறும். “எனக்கும் தாஸ்கா காசு உண்டு, மாதாமாதம் அம்மாவுக்கு அனுப்புகிறேன்” என்று சிரிப்பார்.

சரி, பிறை பக்கம் இரவு எட்டு வரை திறந்திருக்கும் தாஸ்கா தெரிந்தால் சொல்லுங்கள்.