டோனாவூர் போய் வந்தோம்

வரங்களுக்காக உபவாசம் இருந்து ஜெபிக்கிற கூட்டங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய நடக்கும். அந்நிய பாஷை வேண்டும், சுகமாக்கும் வரம் வேண்டும், தீர்க்கதரிசனம் வேண்டும் என்று விடிய விடிய கேட்பார்கள். இரக்கம் என்ற வரம் வேண்டும் என்று யாராவது கண்ணீரோடு கேட்டு நான் பார்த்ததில்லை, இத்தனைக்கும் வேதத்தில் ரோமர் 12-ல் அப்போஸ்தலன் பவுல் அதையும் வரங்களின் பட்டியலில்தான் வைத்திருக்கிறார்: "இரக்கஞ்செய்கிறவன் உற்சாகத்துடன் செய்யக்கடவன்." அதே இடத்தில் சற்று முன்னால் "புத்திசொல்லுகிறவன்" என்றும் ஒருவன் வருகிறான். அவனுக்கு மட்டும் நம் சபைகளில் என்றைக்குமே பஞ்சம் இல்லை.

டோனாவூருக்கு சபையிலிருந்து வேன் கிளம்புகிறது என்றதும் நான் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். அத்தை மகன் பைக் விபத்தில் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவர்கள் சபைக்கு வருவதே குறைந்துவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். அடக்கம் முடிந்த அன்றைக்கே "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று ஆரம்பித்தவர்கள் நாற்பதாம் நாள் வரை நிறுத்தவில்லை. அது பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு தன் வாயால் தனக்குச் சொல்லிக்கொண்டது, பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அடுத்தவருக்குச் சொல்வதற்கு இல்லை. யோபின் சிநேகிதர்களே ஏழு நாள் ராப்பகலாக ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்தார்கள், கெட்டது.

சரி, டோனாவூர். களக்காடு, ஏர்வாடி பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வாழையும் வயலுமாக இருக்கிற சின்ன ஊர். அயர்லாந்தில் 1867-ல் பிறந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் வேலை செய்து, மரித்து, அடக்கமானது இங்கேதான். 1895-ல் இந்தியா வந்தவர் 1951-ல் கண்மூடும்வரை ஒருதடவைகூட சொந்த ஊர் திரும்பவில்லை. அவர் பிள்ளைகளுக்காக நடத்திய இல்லத்துக்குள்ளே போகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது நல்லது, அது வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை, பிள்ளைகள் வளர்ந்த வீடு. செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, அடர்ந்த மரங்கள், கோபுரத்தோடு ஒரு ஜெபவீடு. அங்கே உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். நம் ஊர்ப் பெண்கள் அக்கா, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி. பிறந்த தேதி தெரியாமல் வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு அவர்கள் வந்த நாளையே பிறந்தநாள் மாதிரிக் கொண்டாடியிருக்கிறார்கள். இதைக் கேட்டபோது எங்கள் வேனில் வந்த பாதிப்பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

எல்லாம் தொடங்கியது 1901 மார்ச்சில், அப்போது அவர் தங்கியிருந்த பண்ணைவிளையில். அதுவரை அம்மையார் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கித்துக்கொண்டிருந்தவர். பெருங்குளத்தில், கோயிலுக்கு நேர்ந்துவிடுவதற்காக வைத்திருந்த வீட்டிலிருந்து தப்பி ஓடிவந்த 7 வயதுச் சிறுமி ஒருத்தியை ஒரு கிழவி கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். பேர் ப்ரீனா. பிள்ளை நேராக வந்து மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கு முன்பே ஒருமுறை தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடிப்போய், திரும்பப் பிடித்துக் கொண்டுவரப்பட்டு, கையில் சூடு வாங்கிய பிள்ளை. தனக்கு என்ன நடந்தது, என்ன நடக்கப்போகிறது என்பதையெல்லாம் கையில் இருந்த துணிப்பொம்மையை வைத்து நடித்துக் காட்டியதாம்.

அந்த மடியை நினைத்துப் பாருங்கள். பாவம் என்று சொல்லி, ஜெபம் பண்ணி, யார் கையிலாவது ஒப்படைத்துவிட்டு அடுத்த ஊருக்கு வண்டி கட்டியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மையாரால் முடியவில்லை. ஒரு பிள்ளை பத்தாகி, பிற்பாடு நூற்றுக்கணக்கில் ஆனது. ஊழியம் செய்ய வந்தவள் தாதி வேலை பார்க்கிறாளே என்ற பேச்சும் வந்தது. கோயில்களில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளக் காப்பிக் கறையைத் தோலில் பூசிக்கொண்டு, சேலை கட்டி உள்ளே போனார் என்றும் சொல்வார்கள். இப்படிப் பெண்பிள்ளைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுகிற பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-ல்தான், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் பல வருஷம் போராடிய பிறகு.

ஆனால் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது இந்தக் கதை இல்லை, பிற்பாடு நடந்தது. 1931 அக்டோபரில் களக்காட்டில் வைத்தியசாலைக்காக வாடகைக்கு எடுத்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டுகிற நேரம், புதிதாகத் தோண்டியிருந்த குழியில் தவறி விழுந்தார். கால் ஒடிந்தது. வயது 63. அதற்குப் பிறகு ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் ஒரே அறை, ஒரே கட்டில். படுத்துக் கிடந்தபோது, நோயாளிகளின் ஆறுதலுக்காக எழுதப்பட்ட புத்தகங்களை வாசித்திருக்கிறார். நல்ல திடகாத்திரமாக இருக்கிறவர்கள் எழுதிய ஆறுதல் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. அப்புறம் அவரே நோயாளியாக இருந்து நோயாளிகளுக்கு எழுத ஆரம்பித்தார்.

30 வருஷம் பிள்ளைகளின் காயத்தைக் கழுவிக் கட்டியவருக்கே இந்தப் புரிதல் தனியாக வந்து சேர வேண்டியிருந்தது என்றால், நாம் எந்த மூலை? 2 கொரிந்தியர் 1-ல் பவுல் இதைத்தான் சொல்கிறார், தாங்கள் உபத்திரவத்தில் பெற்ற ஆறுதலைக் கொண்டுதான் மற்றவர்களுக்கு ஆறுதல் செய்ய முடிகிறது என்று. எபிரெயர் 4:15 அதற்கும் மேலே போகிறது. இயேசு நம் பலவீனங்களைக் குறித்துப் பரிதபிக்கக்கூடாத ஆசாரியர் அல்ல, எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டவர். செத்துப்போன லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே வந்தவர், அவன் சகோதரி மரியாள் அழுவதைப் பார்த்து முதலில் அழுதார். கல்லைப் புரட்டச் சொன்னது அதற்குப் பிறகுதான். நம் ஆட்கள் அந்த முதல் பாதியை அப்படியே தாண்டிக் குதித்துவிட்டு நேராகக் கல்லறை வாசலில் போய் நிற்பார்கள்.

கல்லறைக்குப் போனோம். பெயர், தேதி பொறித்த கல் வைக்கக்கூடாது என்று அவரே சொல்லியிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அதில் "அம்மை" என்று மட்டும். எங்கள் போதகர் ஐயர் சுருக்கமாக ஒரு செய்தி கொடுக்கலாம் என்று வேதத்தை விரித்தார். அவர் வாய் திறக்கும் முன்னே அத்தை அங்கிருந்த ஒரு வயதான அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மகனைப் பற்றி எதையோ சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அக்கா நடுநடுவே கேட்டதெல்லாம் "அவனுக்கு என்ன பிடிக்கும்?", "நல்லா பாடுவானா?" இந்த மாதிரிதான். வசனம் ஒன்றுகூட இல்லை. ஐயரும் நல்ல மனுஷர், புத்தகத்தை மூடிவிட்டார்.

திரும்பும்போது அந்த அம்மா விழுந்த வீட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்ததால் களக்காட்டில் வண்டியை நிறுத்தினோம். டீக்கடைக்காரரிடம் கேட்டால், "எந்த அம்மா? எப்ப விழுந்தாங்க? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சா?" என்று அடுப்பை விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார். தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகிறது அண்ணாச்சி என்று விளக்கிச் சொல்லி, ஆளுக்கு ஒரு டீயும் வண்டிக்கு ஒரு வாழைத்தாரும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.