கட்டைவிரலில் வந்த கழுத்து

மலேசியாவின் தெலுக் இந்தானுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டப்புற நகரத்தில் இயன்முறைச் சிகிச்சையாளராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், செம்பனை எனும் எண்ணெய்ப்பனையில் குலை வெட்டும் ஒருவர் வலக்கைக் கட்டைவிரல் மரத்துப்போவதாகச் சொல்லி வந்தார். விரலில் மதமதப்பு என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று படித்ததை அப்படியே நம்பி, மூன்று வாரங்கள் மணிக்கட்டுக்கே பயிற்சி கொடுத்தேன். அவரும் மறுபேச்சில்லாமல் செய்தார். விரல் மட்டும் மாறவில்லை.

நான்காவது வாரம், வேலையில் என்னதான் செய்கிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் எழுந்து நின்று, அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாள் கட்டியிருப்பதாகப் பாவனை செய்து, கைகளை உயர்த்தித் தலையைப் பின்னுக்குச் சாய்த்தார். மரத்தில் குலையைத் தேடுபவர் போல அப்படியே நின்றவர், “இந்தா, இப்ப கரண்டு அடிக்குது மிஸ்ஸி” என்றார். (இங்கே வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் எல்லாருமே மிஸ்ஸிதான், நான் தாதி அல்ல என்று விளக்குவதை விட்டுப் பல காலம் ஆகிறது.)

மனித உடலின் 206 எலும்புகளில் 80 எலும்புகள் அச்சுச் சட்டகத்தை, அதாவது கைகால்கள் நீங்கலான தலை, கழுத்து, நடுவுடலின் எலும்புக்கூட்டைச் சேர்ந்தவை: மண்டையோட்டில் 22, இரு காதுகளுக்குள் 6, நாவின் அடியில் வேறெந்த எலும்போடும் மூட்டாகச் சேராமல் தொங்கும் ஒன்று, முதுகெலும்புத் தொடரில் 26, விலாக்களும் மார்பெலும்புமாக 25. தேர்வில் இந்தக் கணக்கை எழுதி மதிப்பெண் வாங்கிய எனக்கு, கழுத்தில் முள்ளெலும்புகள் ஏழுதான், அவற்றோடு வெளிவரும் நரம்பு இணைகளோ எட்டு என்பது வெறும் வேடிக்கைத் தகவலாகவே இருந்தது. ஐந்தாவது, ஆறாவது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள துளை வழியே வரும் ஆறாவது நரம்பு கட்டைவிரல் வரை செல்கிறது என்பதும், தலையைப் பின்னே சாய்க்கும்போது அந்தத் துளை இன்னும் குறுகுகிறது என்பதும், அவர் அண்ணாந்து நின்ற அந்த நொடியில்தான் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்தன.

அதன்பின் ரப்பர் மரத்தில் பால் எடுத்த பழைய பால்வெட்டுக்காரர்களையும் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். இளவயதில் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளி மாட்டித் தோளில் சுமந்த பாட்டிகள் தோள்வலி என்று வருவார்கள். கை வைத்துக் காட்டுவதோ பிடரியை. அதில் பிழை ஏதும் இல்லை. கையை அச்சுச் சட்டகத்தோடு எலும்புக்கு எலும்பாகப் பிணைக்கும் மூட்டு பக்கத்துக்கு ஒன்றுதான், காறையெலும்பு மார்பெலும்பைத் தொடும் இடம். தோள்பட்டை எலும்பு விலாக்களின் மேல் தசைகளால் கட்டப்பட்டே நிற்கிறது. அந்தத் தசைகளுள் முக்கியமான சில மண்டையோட்டின் அடியிலிருந்தும் கழுத்திலிருந்தும் இறங்குகின்றன. ஆகவே தோளில் ஏற்றிய வாளியைக் கழுத்தும் சேர்ந்தேதான் சுமந்திருக்கிறது.

‘இடுப்பு’ என்ற சொல்லும் எனக்குத் தொல்லை கொடுத்தது. நம் மக்கள் இடுப்பு என்பது பெரும்பாலும் கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகளை. பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் இடுப்பெலும்போ பாடநூலின்படி கால்களோடு சேர்த்து எண்ணப்படுவது. மேலுடம்பின் பாரமெல்லாம் அந்த ஐந்தின் வழியாக, அவற்றுக்கு அடியிலுள்ள முக்கோண எலும்பான திரிகத்துக்கு இறங்கி, அங்கிருந்து இரு இடுப்பெலும்புகளுக்கும் பிரிந்து கால்களுக்குப் போகிறது. முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்குவது பெரும்பாலும் இந்த அடிப்பகுதியில்தான், அதாவது நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளின் நடுவிலோ, ஐந்தாவதற்கும் திரிகத்துக்கும் நடுவிலோ. அப்படிப் பிதுங்கி ஒருபக்கம் சாய்ந்து நடந்து வந்த ஒருவரை, “எங்க வீட்டுச் சாய்ந்த கோபுரம்” என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவி உள்ளே அழைத்து வந்தார். 1885-இல் கட்டிய தெலுக் இந்தான் கோபுரம் மண் இளகிச் சாய்ந்தது. இவர் சாய்ந்ததோ, நசுங்கும் நரம்புக்கு உடம்பு தானாகத் தேடிக்கொண்ட இடைவெளி. அதை வலுக்கட்டாயமாக நிமிர்த்தக் கூடாது.

குலை வெட்டுபவரிடம் நான் கழுத்துப் பயிற்சிகளைத் தொடங்கியபோது, மூன்று வாரம் வீணானதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் எந்தப் பயிற்சியும் மரத்தின் உயரத்தைக் குறைக்காது. எடைக்குக் கூலி என்பதால் வருமானம் குறையும் என்று தெரிந்தே, மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் சொல்லி இளமரக் காட்டுக்கு மாற்றிக்கொண்டார். சில மாதங்களில் கட்டைவிரலின் மதமதப்பு அடங்கியது.

மறு ஆண்டு அவரே வந்தார். இம்முறை அவர் கை இருந்தது கீழ்முதுகில். இளமரத்தில் குலை தாழ்வாக இருக்கும். கம்பில் பொருத்திய உளியால் குனிந்து குத்தி எடுக்க வேண்டும். நான் அவருக்கு நாற்காலியைக் காட்டவில்லை. “உளியைப் பிடிச்சு நில்லுங்கண்ணே, பார்ப்போம்” என்றேன்.