பூநகரிக் கடலில் அரைச் செண்டிமீட்டர் நத்தை

முதலில் ஓட்டோ வயிற்றெரிச்சல். பூநகரியிலிருந்து கௌதாரிமுனைக்குப் போய்வர 3,500 ரூபா பேசி ஏறினால், மணல் பாதை தொடங்கியதும் "சில்லுத் தாழும்" என்று மேலே 1,500. கமராப் பையைக் கண்டாலே விலை ஏறுகிறது. பையைச் சாக்குக்குள் போடுங்கள், காத்துநிற்கும் கூலியையும் ஏறமுதலே பேசுங்கள்.

இவ்வளவும் ஓடில்லாக் கடல்நத்தையைப் படமெடுத்து இனங்காண்பதற்காக. கடலட்டைப் பண்ணை வேலிப் பக்கம் மட்டும் போகாதீர்கள். தண்ணீரில் குனிந்து நிற்கிற எவரும் காவல்காரருக்கு அட்டைக் கள்ளன்தான்.

சுழியோடத் தேவையில்லை, இடுப்பளவு தண்ணீர் போதும். சோழகம் தொடங்கினால் கடல் கலங்கிவிடும். பங்குனியில், விடியக்காலை, காற்று எழும்ப முன் இறங்குங்கள். காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடவுங்கள், திருக்கை படுத்திருக்கும்.

கண்ணால் தேடுவது வீண்வேலை. சாதாழைக்கு (கடற்புல்லுக்கு) நடுவே நிற்கும் பச்சைப் பாசியில், கோலர்ப்பாவோ பிரயோப்சிஸோ, ஒரு கைப்பிடியைக் கடல்நீரோடு வெள்ளை வாளியில் போட்டு நிழலில் ஒரு மணித்தியாலம் ஆடாமல் வையுங்கள். ஒட்சிசன் குறையக் குறைய நத்தைகள் விளிம்புக்கு ஏறும். அந்த ஒரு மணித்தியாலம் சோற்றுப் பார்சலுக்கு: மொட்டைக்கறுப்பன் சோறு, நண்டுக்கறி, முருங்கையிலை வறை. 700 ரூபா. அந்த நண்டுக் குழம்புக்காகவே ஓட்டோக்காரரை மன்னிக்கலாம்.

இனி படம். லமினேற் செய்த மில்லிமீட்டர் வரைபுத்தாள், அதன்மேல் தெளிவான பிளாஸ்டிக் மூடி, அதில் ஒரு விரல் கடல்நீர். ஒலிம்பஸ் டிஜி மாதிரிச் சின்னக் கமராவின் மைக்ரோஸ்கோப் முறை 1 செ.மீ. தூரத்திலும் குவியும். வெளிச்சம் பக்கத்திலிருந்து வரட்டும்; நேரே அடித்தால் மிதக்கும் தூசெல்லாம் வெள்ளைப் புள்ளியாகி, உடலிலுள்ள புள்ளி எது, தூசு எது என்று பிறகு மண்டை காயும். மேலிருந்து, பக்கவாட்டில், தலை, தாளை எடுத்துவிட்டு மூடிக்கு அடியிலிருந்து பாதம். எலிசியா என்ற நத்தைச் சாதி என்றால் முதுகை மூடும் இரண்டு மடலும் விரிந்த படமும் கட்டாயம் வேண்டும், இனம் பிரிக்கும் நரம்புக் கோலம் உள்ளேதான். குத்தினால் இன்னும் இறுக்கி மூடும். ஊர்ந்து போகவிட்டுப் பொறுத்திருங்கள்.

தலைக்கொம்பு சுருட்டிய வெற்றிலை மாதிரிக் குழலாக இருந்தால் பாசிச்சாறு உறிஞ்சும் கூட்டமாக இருக்கலாம். நிறத்தை நம்பாதீர்கள், தின்ற பாசியோடு அது மாறும். இருந்த பாசியையும் முட்டைச் சுருளையும் படமெடுங்கள். சுருளுக்குள் செம்மஞ்சள் நூல் ஓடுகிறதா என்பது, சாயலில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு இனங்களைப் பிரித்துவிடும்.

தெரிந்த இனம் ஒன்றோடும் பொருந்தவில்லையா? உடனே "புது இனம்" என்று கூவாதீர்கள். இயற்கையியலாளர் கெலார்ட் 1858இல் இலங்கை நத்தைகளுக்குப் பெயர் வைத்தார். 1906இல் விலங்கியலாளர் சார்ள்ஸ் எலியட் அவருடைய ஓவியங்களை வைத்துக்கொண்டு அந்தப் பெயர்களை மறுபடி சரிபார்க்க வேண்டி வந்தது. படம் "இதற்குக் கிட்ட" என்றுதான் சொல்லும். புது இனமென்று எழுத அருங்காட்சியகத்தில் வைத்த மாதிரியுடல், நாக்குப்பல், உள்ளுறுப்பு, டி.என்.ஏ. எல்லாம் வேண்டும், மாதிரி எடுக்க அரச அனுமதி வேண்டும். அதுவரை "எலிசியா எஸ்.பி. (இனம் தெரியாதது), பாசி இன்னது, நீளம் 5 மி.மீ., திகதி" என்று கோப்புக்குப் பெயரிட்டு, வாளியை எடுத்த இடத்திலேயே கவிழ்த்துவிடுங்கள்.