மதிலில்லாத மறியல்

தமிழ்நாட்டுக்காரருக்கு மறியல் என்றால் தெருவில் குந்தியிருந்து பஸ்ஸைப் போகவிடாமல் செய்வது. இலங்கையில், எங்கட பக்கம் மறியல் என்றால் ஜெயில். "அவன் மறியலில கிடக்கிறான்" என்றால் வன்னியில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். வேர் ஒன்றுதான்: போகவிடாமல் மறித்தல். அதற்கு மதில் வேண்டுமென்று கட்டாயமில்லை.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டி நாட்டுக் கரையைப் பற்றி மார்க்கோ போலோ ஒரு வழக்கம் சொல்கிறார். கடனாளி நாள் கடத்திக்கொண்டே போனால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றி நிலத்தில் ஒரு வட்டம் கீறிவிடுவான். காசைக் கொடுக்க வேண்டும், அல்லது பிணை காட்ட வேண்டும். அதற்கு முன் வட்டத்தைத் தாண்டினால் உயிர் போகும். குதிரையில் வந்த அரசனையே ஒரு வெளிநாட்டு வியாபாரி இப்படி வளைத்தானாம்; கடன் தீரும்வரை அரசனும் அசையவில்லையாம். பூட்டும் இல்லை, காவலுக்குச் சம்பளமும் இல்லை.

நாடு கடத்தலுக்கும் இப்படி நுட்பங்கள் உண்டு. இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தில் இளவரசன் விஜயனையும் 700 பேரையும் கப்பலேற்றும்போது பாதித் தலையை மழித்துவிடுகிறார்கள். அவமானத்துக்கு மட்டுமல்ல என்பது என் கணிப்பு: எந்தக் கரையில் இறங்கினாலும் மயிர் வளரும்வரை ஆள் ஆரென்று தெரிந்துவிடும். பாண்டவருக்கு 12 ஆண்டு வனவாசத்தைவிட ஓராண்டு அஞ்ஞாதவாசம்தான் கடினம். அதில் பிடிபட்டால் முதலிலிருந்து இன்னொரு 12.

மதில் வைத்த சிறையும் நம்மிடம் பழசுதான். புறநானூறு 74ஆம் பாட்டில் சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்கிறான். காவலர் சுணக்கிக் கொடுக்கிறார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, சங்கிலியில் கட்டிய நாயோடு தன்னை ஒப்பிட்டுப் பாடி, குடிக்காமலே செத்துப்போகிறான். சங்கிலியைவிடத் தண்ணீர்ச் செம்புதான் அங்கே ஆளை அமத்திய ஆயுதம். மணிமேகலையும் பசியைத்தான் பிடித்தாள். அமுதசுரபியோடு சிறைக்கோட்டத்துக்குள் போய்ச் சோறு போட்டாள். பிறகு அரசனே அதை அறக்கோட்டமாக்கினான்.

சோறும் தண்ணீரும் ஆளைக் கட்டிவைக்கும் விதத்தை ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் அளவுக்கு விபரமாக எழுதிய கைதி இந்தத் தீவில் இல்லை. 1660இல் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவில் தகப்பனோடும் கப்பல்காரரோடும் பிடிபட்டவர். கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கன் அந்தக் கப்பல்காரரைச் சிறையில் போடவில்லை; பெரும்பாலும் ஊருக்கு ஒருவராகப் பிரித்துவிட்டான், சாப்பாடு ஊரவர் பொறுப்பு. மலைப்பாதைகளில் முள்ளுப் படலையும் காவலும். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், வீடும் கட்டினார். 19 வருடம் அப்படியே போனது.

தப்பும் வழி வடக்கே, வன்னிப் பக்கம்தான் என்று அவருக்கு நெடுநாளாகத் தெரியும். வியாபாரச் சாட்டில் அந்தப் பக்கம் பலமுறை வந்தும் போனார். மறித்தது காவலாளி அல்ல, வரட்சி. மூன்று நான்கு வருடம் மழை பொய்த்து, காட்டுக்குள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனது.

1679இல் வழி திறந்தது. ஒரு தோழரோடு அநுராதபுரம் வந்து அவர் கட்டிய மூட்டையைப் பாருங்கள்: பத்து நாளைக்குக் காணும் அரிசியும் இறைச்சியும், சோறு காய்ச்ச ஒரு சட்டி, தண்ணீர் அள்ள இரண்டு சுரைக்குடுவை, கூடாரத்துக்கு இரண்டு பெரிய தாளிப்பனை ஓலை, முள்ளுக்குச் செருப்புத் தைக்க மான்தோல், சர்க்கரை, புகையிலை, வெற்றிலை. சக்கிமுக்கிப் பெட்டியும் ஒன்றல்ல, இரண்டு மூன்று. ஒன்று பிழைத்தால் இன்னொன்று. ஒக்ரோபர் 12, ஞாயிறு. பிறை 18 நாள். முன்னிரவு இருட்டு, பிறகு வெளிச்சம்.

ஊர்ப்பாதையை விட்டு மல்வத்து ஓயாவைப் பிடித்தார்கள். நாங்கள் அருவியாறு என்பது அதைத்தான். ஆற்றங்கரைக் காடு நுழைய ஏலாத பற்றை, ஆற்றுமணலில் நடந்தால் முதலை, இரவில் யானை. ஆனால் அவர்கள் கூடப் பயந்தது வன்னியன் என்ற வன்னிச் சிற்றரசனின் ஆட்களுக்கு: கண்டால் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று. 18ஆம் திகதி, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணியளவில் மன்னார்ப் பக்கம் அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள்.

மதில் வைத்த பெரிய மறியலை இந்தத் தீவில் பிறகு ஆங்கிலேயர் கட்டினார்கள்: கொழும்பு வெலிக்கடை, 1841. அதற்கு முன்பே, 1816இல், கண்டியின் கடைசி அரசனைக் கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். 1832இல் அங்கேயே இறந்தார்.

நொக்ஸ் கரை சேர்ந்த அரிப்பு முசலிப் பகுதியில் இருக்கிறது. 1990 ஒக்ரோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலி முஸ்லிம்களும் போக வேண்டியதாயிற்று. எதை எடுத்துப் போகலாம் என்பதும் அவர்கள் கையில் இருக்கவில்லை. வன்னியை விட்டு வெளியேறப் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டியிருந்த காலமும் உண்டு. 2009இல் அதே அருவியாற்றுப் பக்கம், செட்டிகுளத்தில், யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமை அரசாங்கம் முள்ளுக்கம்பி போட்டு அடைத்தது. வழக்குமில்லை, தீர்ப்புமில்லை. டிசம்பரில் வெளியே விடத் தொடங்கியபோது அதற்கும் ஒரு பாஸ், திரும்பி வரவேண்டிய நாளும் குறித்து.