டூலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த என் முதல் எஃப்பிஜிஏ போர்டு

எஃப்பிஜிஏ என்பது உள்ளிருக்கும் சர்க்யூட்டை நாமே எழுதி மாற்றிக்கொள்ளக்கூடிய சிப். அது பொருத்திய போர்டு தேட ஆரம்பித்தால் எல்லா விளம்பரமும் முதலில் காட்டுவது லாஜிக் செல் எண்ணிக்கையைத்தான், அதாவது சிப்புக்குள் எத்தனை சின்ன லாஜிக் துண்டுகள் இருக்கின்றன என்பதை. நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். அந்த சிப்புக்கான சாஃப்ட்வேர், அதாவது டூல், இன்றும் புதுப்பிக்கப்படுகிறதா, அதன் இலவசப் பதிப்பு இந்த சிப்பை ஏற்கிறதா, சிப்பின் எந்தப் பின் (கால்) எங்கே போகிறது என்ற விவரம் முழுசாகக் கிடைக்கிறதா என்று பார்த்தேன். இவை சரியாக இருந்தால், படிக்கிறவருக்குச் சின்ன சிப்பே தாராளம்.

மலிவாகக் கிடைக்கும் பல போர்டுகள் முதல் கேள்வியிலேயே கழிந்துவிட்டன. ஸ்பார்ட்டன்-6 சிப்பை அதன் தயாரிப்பாளரின் இப்போதைய டூலான விவாடோ ஏற்காது. அதற்கு ஐஎஸ்இ 14.7 என்ற பழைய டூல் வேண்டும், அது 2013-ல் வெளிவந்த கடைசிப் பதிப்பு. சைக்லோன் 2 சிப் என்றால் அதற்கான டூலான குவார்ட்டஸில் 13.0 வரிசையைத் தாண்ட முடியாது. சிப்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பழைய டூலைப் புது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஓடவைப்பதே தனி வேலை. அந்த நேரத்தில் சர்க்யூட்டை எழுதும் மொழியான வெரிலாக்கையே படித்துவிடலாம்.

கடைசியில் கையில் நின்றவை மூன்று. ஐஸ்பிரேக்கரில் இருப்பது 5,280 எல்யூடி (லாஜிக்கை உருவாக்கும் சின்ன அட்டவணை) கொண்ட ஐஸ்40 சிப். 2015-ல் வந்த ஐஸ்ஸ்டார்ம் திட்டத்தின் புண்ணியத்தில் இந்தக் குடும்பத்துக்கு யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் என்று முழுக்கத் திறந்த மூல டூல்களே போதும். டேங் நானோ 9கே போர்டில் 8,640 எல்யூடி, கூடவே எச்டிஎம்ஐ. பேசிஸ் 3-ல் ஆர்டிக்ஸ்-7 குடும்பத்தின் எக்ஸ்சி7ஏ35டி சிப்: 20,800 எல்யூடி, 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக். நான் பேசிஸ் 3-ஐ எடுத்ததற்குக் காரணம் அந்த எண்கள் இல்லை. 16 சுவிட்ச், 16 எல்இடி, ஐந்து பட்டன், நான்கு இலக்க ஏழு துண்டு டிஸ்ப்ளே எல்லாம் போர்டிலேயே பதிந்திருக்கின்றன. ஒரு வயரும் சொருகாமல் பல வாரம் பழகலாம். தளர்ந்த ஜம்பர் வயரா, தப்பான கோடா என்று குழம்ப வேண்டியதில்லை.

விவாடோ நிறுவும்போது எந்தெந்த சிப் குடும்பம் வேண்டும் என்று கேட்கும். ஆர்டிக்ஸ்-7 தவிர மற்றவற்றின் டிக்கை எடுத்துவிட்டேன். அப்படியும் வட்டில் பல பத்து ஜிபி போய்விடும், முன்கூட்டியே இடம் ஒதுக்கி வையுங்கள். இந்த சிப்புக்கு இலவசப் பதிப்பு போதும்.

லினக்ஸில் கேபிள் டிரைவருக்கான ஸ்கிரிப்டைத் தனியாக, ரூட் உரிமையோடு ஓட்ட வேண்டும். அது யூடெவ் விதிகளை, அதாவது சாதனத்தைத் திறக்க யாருக்கு உரிமை என்பதை, எழுதி வைக்கும். அப்புறம் போர்டை ஒருமுறை கழற்றி மாட்ட வேண்டும். யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் 0403:6010 என்ற எண் வந்தால், போர்டில் யூஎஸ்பி இணைப்பைக் கவனிக்கும் எஃப்டிடிஐ சிப்பைக் கணினி பார்த்துவிட்டது என்று அர்த்தம். ஒரே யூஎஸ்பி கேபிளில், டிசைனைச் சிப்பில் ஏற்றும் ஜேடேக் ஒரு தடத்திலும் கணினியோடு டேட்டா பரிமாறும் யூஏஆர்டி இன்னொரு தடத்திலும் வருவது இந்த சிப்பால்தான். அந்த எண்ணே வரவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் ஏற்றுவதற்கென்றே வரும் கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது.

ப்ராஜெக்ட் தொடங்கும்போது சிப்பின் பெயரை முழுசாகக் கொடுக்க வேண்டும்: எக்ஸ்சி7ஏ35டி-யோடு சிபிஜி236 என்ற பேக்கேஜும் -1 என்ற வேகத் தரமும் சேர்ந்து வர வேண்டும். பேக்கேஜ் மாறினால் பின் பெயர்கள் எல்லாம் மாறிவிடும்.

இனிமேல்தான் என்னை மிகவும் கவர்ந்த பகுதி, கன்ஸ்ட்ரெயின்ட் ஃபைல். நாம் எழுதும் வெரிலாக்கில் 'கிளாக்', 'எல்இடி' என்பவை வெறும் பெயர்கள். அவற்றை உண்மையான பின்களோடு இணைப்பது இந்த ஃபைல்தான். பேசிஸ் 3-க்கு எல்லாப் பின்னும் அடங்கிய மாஸ்டர் கன்ஸ்ட்ரெயின்ட் ஃபைல் (எக்ஸ்டிசி) தயாராகவே கிடைக்கிறது. தேவையான வரிகளின் முன்னால் இருக்கும் கமென்ட் குறியை எடுத்தால் போதும். கிளாக் டபிள்யூ5 பின்னில், முதல் எல்இடி யூ16-ல். இரண்டுக்கும் 3.3 வோல்ட் சிமாஸ் என்ற தரம். கிளாக்கின் காலம் 10 நானோவினாடி என்ற வரியையும் விடக்கூடாது. அது இல்லாவிட்டால் நம் சர்க்யூட் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்குமா என்று டூலால் சரிபார்க்க முடியாது.

ஏதாவது ஒரு போர்ட்டுக்குப் பின்னோ வோல்டேஜ் தரமோ கொடுக்காமல் விட்டால், சிந்தசிஸ் (கோடை லாஜிக்காக மாற்றுவது) எல்லாம் முடிந்தும் பிட்ஸ்ட்ரீமை, அதாவது சிப்பில் ஏற்றும் ஃபைலை, எழுத விவாடோ மறுத்துவிடும். இந்தப் பிழையை வெறும் எச்சரிக்கையாகக் குறைத்துக்கொள்ள ஒரு கட்டளை உண்டு. போர்டு கையில் இருக்கும்போது அதைத் தொடவே வேண்டாம் என்பேன். பின்னை டூல் தன் இஷ்டத்துக்கு வைத்தால், ஏற்கெனவே வேறொரு சிப் ஓட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் நம் சிப்பும் மின்சாரத்தைத் தள்ள நேரலாம். அப்படி நேராமல் தடுப்பதற்காகவே வைத்த பிழை அது.

முதல் ப்ராஜெக்ட் எல்இடி மினுக்குவது. 27 பிட் கவுன்டர் ஒன்று, ஒவ்வொரு கிளாக்குக்கும் ஒன்று கூடும். அதன் உச்ச பிட் எல்இடிக்குப் போகும். அந்த பிட் மாறுவதற்கு 6,71,08,864 துடிப்பு ஆகும், அதாவது சுமார் 0.67 வினாடி. எரிந்து அணைந்து மறுபடி எரிய 1.34 வினாடி. ஸ்டாப்வாட்சை வைத்துப் பத்துச் சுற்றை எண்ணினேன், 13 வினாடிக்குச் சற்று மேல் வந்தது. கிளாக், பின், கேபிள், டூல் எல்லாம் சரி என்று அந்த ஒரு அளவிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

இதைப் போர்டில் ஏற்றுவதற்கு முன் ஐகாரஸ் வெரிலாக் என்ற டூலில் சிமுலேட் செய்தேன். 27 பிட்டையும் அங்கே ஓடவிட்டால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் கவுன்டரின் அகலத்தைப் பாராமீட்டராக வைத்து, சிமுலேஷனில் மட்டும் 4 என்று கொடுத்தேன். முதல் நாளிலேயே பழகிக்கொள்ள வேண்டிய வழக்கம் இது.

ஜேடேக் வழியாக ஏற்றியது சிப்புக்குள் இருக்கும் எஸ்ரேம் நினைவகத்தில்தான் இருக்கும், பவரை அணைத்தால் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் போர்டில் உள்ள 32 மெகாபிட் ஃபிளாஷில் எழுதி, ஜேபி1 ஜம்பரை எஸ்பிஐ ஃபிளாஷ் பக்கம் மாற்ற வேண்டும். இந்த சிப்பின் பிட்ஸ்ட்ரீம் 17.5 மெகாபிட்தான், தாராளமாக அடங்கும். ஃபிளாஷ் சிப்பின் பெயரை டூல் கேட்கும். சிப்பின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துக் கொடுப்பதே பத்திரம்.

அடுத்து பட்டன். பட்டனை அழுத்தும் நேரத்துக்கும் கிளாக்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்த சிக்னலை நேராக லாஜிக்கில் விட்டால் ஃபிளிப்-ஃபிளாப் (ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் உறுப்பு) 0-வுமில்லாமல் 1-மில்லாமல் சிறிது நேரம் தத்தளிக்கலாம். அதனால் முதலில் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் வழியாகக் கடத்தினேன். அழுத்தும்போது பட்டன் துள்ளி, ஒரு அழுத்தம் பலவாகத் தெரியலாம். அதனால் 20 பிட் கவுன்டர் நிரம்பும்வரை, சுமார் 10.5 மில்லிவினாடி, நிலை மாறாமல் இருந்தால்தான் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும்படி எழுதினேன். ஒரு அழுத்தத்துக்கு டிஸ்ப்ளேயில் ஒரே ஒரு எண் கூடியது.

வெளிச் சென்சாரைப் பிமாட் இணைப்பில் மாட்டுகிறவர்கள் அது 3.3 வோல்ட் என்பதை மனதில் வையுங்கள். 5 வோல்ட் சிக்னலை நேராகக் கொடுத்தால் சிப்பே போய்விடக்கூடும்.

இப்போது ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் அமைந்த பிகோஆர்வி32 என்ற சின்ன பிராசசரை ஏற்றிப் பார்க்கத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். ஆர்டிக்ஸ்-7 அடங்கிய 7 வரிசை சிப்பில் அது எடுத்துக்கொள்வது 750 முதல் 2,000 எல்யூடி. மீதி பதினெட்டாயிரத்துக்கு மேல் அப்படியே காலியாக இருக்கும்.