சுட்டது ஆக்சிலரேட்டர் கேபிள், கெட்டது எர்த்

இரண்டு வாரமாக என் பழைய காரில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு கருகல் வாசனை. நேற்று மூன்று முறை சாவியைத் திருப்பிவிட்டு, பானெட்டைத் திறந்து ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டேன். விரல் சுட்டுவிட்டது! இன்ஜின் ஓடவே இல்லை, அந்தக் கேபிளில் கரண்டுக்கு வேலையும் இல்லை.

சரி என்று மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரி மைனஸில் ஒரு முனை, இன்ஜின் பிளாக்கில் ஒரு முனை. மகன் சாவியைத் திருப்பினான். 2.4 வோல்ட். கரண்ட் திரும்பும் வழியில் வீணாகும் வோல்ட் இது; அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாது.

ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தக் கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்ப வேண்டிய வழி, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால், பட்டை போனால், கிடைத்த உலோகத்தின் வழியே கரண்ட் பாயும். மெல்லிய ஆக்சிலரேட்டர் கேபிள் தாங்குமா? 2.4 வோல்ட்டில் 100 ஆம்பியர் என்றாலே 240 வாட் சூடு. சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்.

ஜம்பர் கேபிளால் மைனஸையும் பிளாக்கையும் நேராக இணைத்துப் பார்த்தேன். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது, ஆக்சிலரேட்டர் கேபிளும் சில்லென்று இருந்தது.

பேட்டரி தட்டுக்குக் கீழே இருந்தது அந்தச் செம்புப் பின்னல் பட்டை. பச்சை பூத்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுசு மாட்டி, போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினேன். இப்போது 0.15 வோல்ட்.

பக்கத்திலேயே பெட்ரோல் ஹோஸ் போகிறது. இந்த வாசனை வந்தால் தயவுசெய்து அன்றைக்கே எர்த்தைப் பாருங்கள். எர்த்தைச் சரிசெய்யாமல் புது ஆக்சிலரேட்டர் கேபிள் போட்டாலும் அதுவும் கருகும்.