வால்வு ப்ரீஆம்பை ஐசி பவர் ஆம்போட சேர்த்து வச்ச அனுபவம்

என்கிட்ட இருக்கிற 12ஏஎக்ஸ்7 வால்வு (கண்ணாடிக் குழாய்) ப்ரீஆம்ப், அதாவது பவர் ஆம்புக்கு முன்னாடி சிக்னலைத் தயார் பண்ற பெட்டி, ஒரு இஎல்84 வால்வு புஷ்புல் பவர் ஆம்போட (ஸ்பீக்கரை ஓட்டுற ஆம்ப்) ரொம்ப நாளா ஜோரா பாடிட்டு இருந்தது, வெயில் காலத்துல அந்த ஆம்ப் ரூமையே சூடாக்கிடுதுன்னு எல்எம்3886 ஐசி வச்சு ஒரு பவர் ஆம்ப் கட்டி அதே ப்ரீஆம்பை அதுல சொருகினேன். பாட்டு வந்துச்சு, ஆனா சத்தம் எதிர்பார்த்ததை விட ரொம்பக் கம்மி, மிருதங்கத்தோட தொப்பியில வர்ற கும்கி மெலிஞ்சு போச்சு, மேல பிருகாவும் கொஞ்சம் மங்கல். அதே ப்ரீஆம்பை பழைய ஆம்ப்ல போட்டா எல்லாம் திரும்ப வந்துடுது. பழைய ஸ்டாக் வால்வு வாங்கிப் போடுன்னு நண்பர்கள் சொன்னாங்க, விலையைக் கேட்டா தலை சுத்துது, அதனால முதல்ல அளந்து பாத்துடுவோம்னு உக்காந்தேன்.

ப்ரீஆம்போட அவுட்புட் இம்பிடன்ஸை (ஏசி சிக்னலுக்கு அது காட்டுற உள் தடையை) அளக்க லேப் எல்லாம் தேவையில்ல. மொபைல்ல டோன் ஆப் போட்டு 1 கிலோஹெர்ட்ஸ் குடுத்து, அவுட்புட்ல எத்தனை வோல்ட் ஏசி வருதுன்னு மல்டிமீட்டர்ல குறிச்சுக்கணும், அப்புறம் அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 100 கிலோஓம் பாட் (குமிழ் திருப்பி ஓம்ஸ் மாத்துற ரெசிஸ்டர்) வச்சு, வோல்டேஜ் சரிபாதி ஆகுற வரைக்கும் திருப்பி, பாட்டைக் கழட்டி அதோட ஓம்ஸைப் பாத்தா அதுதான் இம்பிடன்ஸ். எனக்கு 38 கிலோஓம் கிட்ட வந்துச்சு. 12ஏஎக்ஸ்7 பிளேட் ரெசிஸ்டன்ஸ் 62 கிலோஓம் சொச்சம், அதோட 100 கிலோஓம் லோடு ரெசிஸ்டர் பேரலல், கணக்கும் அதேதான் சொல்லுது.

இப்ப பவர் ஆம்ப் பக்கம் பாருங்க. பழைய வால்வு ஆம்ப் இன்புட் இம்பிடன்ஸ் 470 கிலோஓம், 38ஐ ஒரு பொருட்டாவே மதிக்காது. என் எல்எம்3886 போர்டு வெறும் 22 கிலோஓம். சிக்னல்ல மூணுல ஒரு பங்கு சொச்சம்தான் உள்ள போகுது, கிட்டத்தட்ட 9 டிபி (டெசிபல்) போச்சு, வால்வும் அந்த லோடை இழுக்கத் திணறி டிஸ்டார்ஷன் ஏறுது. ப்ரீஆம்ப் அவுட்புட்ல டிசியைத் தடுத்து பாட்டை மட்டும் விடுற கப்ளிங் கப்பாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட், 470 கிலோஓமுக்கு அது 7 ஹெர்ட்ஸ் வரை விடும், இங்க 56 ஹெர்ட்ஸ்லயே பேஸை வெட்ட ஆரம்பிச்சுடுது. கும்கி போனது இங்கதான்!

சரி, கேத்தோடு ஃபாலோவர் (சத்தத்தைக் கூட்டாம, கேத்தோடுல இருந்து சிக்னல் எடுக்கிற வால்வு சர்க்யூட்) போட்டா இம்பிடன்ஸ் இறங்கிடும்னு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா கப்பாசிட்டரை அப்படியே விட்டுட்டு அதை மட்டும் பண்ணினா பேஸ் இன்னும் மோசமாகும், ஏன்னா அந்த 38 கிலோஓமும் கப்பாசிட்டர் கணக்குல சேர்ந்துதான் இருந்துச்சு, அது போனா வெட்டு 150 ஹெர்ட்ஸுக்கு ஏறிடும். ரெண்டையும் சேத்துதான் மாத்தணும்.

அதனால சேனலுக்கு ஒரு 12ஏயூ7 (ரெண்டு பாதி உள்ள வால்வு) வச்சேன், ஒரு பாதி கெயினுக்கு (சிக்னலைப் பெருக்க), மறு பாதி ஃபாலோவர், பிளேட்டுல இருந்து நேரா அடுத்த கிரிட்டுக்கு. கெயின் 10 மடங்கு கிட்ட, அவுட்புட் 500 ஓம் சுமார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல 2.2 மைக்ரோஃபாரட் 400 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் வாங்கிப் போட்டேன், வெட்டு 3 ஹெர்ட்ஸுக்குப் போயிடுச்சு. ஃபாலோவர்ல கேத்தோடு 100 வோல்ட்டுக்கு மேல மிதக்கும், அதனால ஹீட்டர் சப்ளையையும் 60, 70 வோல்ட் மேல தூக்கி வைக்கணும், இல்லன்னா ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவுல இருக்கிற இன்சுலேஷன் தாங்காது. 250 வோல்ட் டிசி இருக்கிற இடம், ஆஃப் பண்ணினதும் கையை வைக்காதீங்க, கப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆயிடுச்சான்னு மீட்டர்ல பாத்துட்டு தொடுங்க.

அப்புறமும் வால்யூம் குமிழை 8 மணி இடத்தைத் தாண்டித் திருப்ப முடியல, அதுக்குள்ளயே சத்தம் அதிகமாயிடுது, லேசா இரைச்சலும் இருந்துச்சு. எல்எம்3886க்கு 0.8 வோல்ட்டே முழு பவருக்குப் போதும், டிஏசி (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலா மாத்துற பெட்டி) தர்றதே 2 வோல்ட். பவர் ஆம்ப் டப்பாவுக்கு உள்ள, இன்புட் ஜாக்குலயே ஒரு 47 கிலோஓம் சீரிஸா போட்டேன், 10 டிபி குறைஞ்சுது, ப்ரீஆம்ப் பாக்கிற லோடும் 69 கிலோஓமா ஏறுச்சு. இதை ப்ரீஆம்ப் பக்கம் வச்சா கேபிள் கப்பாசிட்டன்ஸ் ட்ரெபிளைத் தின்னும், அதனால உள்ளதான் வைக்கணும். இந்த ஒரு ரெசிஸ்டர் குடுத்த நிம்மதி வேற எதுவும் குடுக்கல.

பெரிய கப்பாசிட்டர் போட்டா ஆன் பண்ணும்போது பெரிய தட்டு வரும். வால்வு சூடாகி கேத்தோடு ஏறும்போது அவுட்புட்ல மீட்டர் முள் எகிறுறது கண்ணுக்கே தெரியும், அதை ஆம்ப் 20 மடங்கு ஆக்கினா ஊஃபர் என்னாகும்! நார்மலி க்ளோஸ்டு ரிலே ஒண்ணு அவுட்புட்டை கிரவுண்டோட ஷார்ட் பண்ணி வச்சிருக்கும், 45 செகண்ட் கழிச்சு டைமர் விடுவிக்கும், கரண்ட் போனாலும் உடனே ஷார்ட் ஆயிடும். ரிலே இல்லாதவங்க ப்ரீஆம்பை முதல்ல போட்டு ஒரு நிமிஷம் விட்டு பவர் ஆம்பைப் போடுங்க, அணைக்கும்போது பவர் ஆம்ப் முதல்ல.

இன்னொண்ணு, இந்த சர்க்யூட்ல ஃபேஸ் (சிக்னலோட பிளஸ் மைனஸ்) தலைகீழாகும், இடது வலது ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒயரைப் பிளஸ் மைனஸ் மாத்திப் போட்டுக்கணும்.